வெள்ளிக்கிழமை வெட்டாத நகம்

சனிக்கிழமை பின்னேரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்தான். கரும்பலகைக்கு முன்னால், பெரியவர்கள் இருக்கத்தக்க ஒரேயொரு கைபிடிக் கதிரையில், பாலர் பாடசாலையை நடத்துகிற சரோஜினிதேவி ரீச்சர். யன்னலோரத்தில் மர்ஸூக்; ஆகிலின் வாப்பா, புறக்கோட்டையில் போன் உதிரிப்பாகக் கடைக்காரர். பிள்ளைகளின் மஞ்சள் கதிரை ஒன்றில், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட இருந்தார். அவருக்கு இந்தப் பக்கம், அந்தக் கதிரைகளை நம்பாமல் பாயில் சம்மணம் கட்டியபடி றலியா, ஆதிலாவின் உம்மா. மூலையில் கிடந்த ஆடுகுதிரையின் முதுகில் பிறெடி, ஷெறினின் அப்பா. கொட்டாஞ்சேனையில் வீடு, வெள்ளவத்தையில் மாமியார், இரண்டுக்கும் நடுவே ஓட்டோ ஓட்டுகிற பிழைப்பு. ரீச்சரின் வலது கைப்பக்கம், நிறம் தீட்டுகிற குட்டி மேசையில் கடிதக் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு சுபோதினி; ஜனாவின் அம்மா, பெற்றார் சங்கத்தின் செயலாளர்.

ஆறாவதாக ஜெகதீஸ்வரி, பாடசாலையின் உதவியாளர். அவள் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். இரு என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் அவளைப் பற்றியது.

ஜனாவும் ஆதிலாவும் முற்றத்து மணல் தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆதிலா வெறுங்காலோடு. ஜனா மட்டும், அந்த வெக்கையில், சப்பாத்தும் காலுறையும் போட்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஆகிலுக்கு நாலு விரலில் நகம் அடியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. ஆதிலாவுக்கு இரண்டு கைப் பெருவிரலிலும். ஷெறினுக்கு ஒரு நகம் விழுந்து, இன்னொன்று கதவுப் பிணைச்சல் போல ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வலியில்லை, சீழில்லை, வீக்கமில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் நகம் பால் கோப்பைக்குள் கிடந்தால் எந்தத் தாய்தான் பயப்படமாட்டாள்?

மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது ஜெகதீஸ்வரியின் நகவெட்டி. அந்தப் பாலர் பாடசாலையில் வெள்ளிக்கிழமை தோறும் நகம் பார்க்கிற வழக்கம். வளர்ந்திருந்தால் பின் விறாந்தையில் வைத்து அவள் வெட்டிவிடுவாள். முஸ்லிம் தாய்மாருக்கு அது மிகவும் வசதி. வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது அவர்களுக்கு நல்ல காரியம். சைவப் பிள்ளைகளின் தாய்மார் வெள்ளிக்கிழமை நகத்தில் இரும்பு படவிடமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் கையை ஜெகதீஸ்வரி பார்ப்பாள், தொடமாட்டாள். பிறெடியின் வீட்டில் எந்த நாளும் ஒன்றுதான். ஆக, அவள் வெட்டிய பிள்ளைகளுக்கு நகம் விழுந்திருக்கிறது. வெட்டாத பிள்ளைகளுக்கு விழவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இந்தக் கணக்கை வைத்துத்தான் வியாழக்கிழமை சுபோதினி கடிதம் அடித்திருந்தாள். மாநகர சபையின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு. திகதி, முகவரி, விடயம், கீழே கோடு, மூன்று பந்தி. ‘உதவியாளர் திருமதி ஜெகதீஸ்வரி ஒரே நகவெட்டியைச் சுத்தம் செய்யாமல் பல பிள்ளைகளுக்கும் பாவித்ததன் காரணமாக’ என்பது இரண்டாம் பந்தியில் இருந்தது. அடித்து முடித்துத் திருப்பி வாசித்தபோது ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு ஜனாவைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். இரண்டு காலிலும் பெருவிரல் நகம் அடியில் வெள்ளையாக எழும்பி நின்றது. துவாயால் துடைக்க, ஒன்று கழன்று துவாயோடு வந்துவிட்டது. ஜனாவின் நகத்தை ஜெகதீஸ்வரி ஒருநாளும் வெட்டியதில்லை. அவளுடைய நகவெட்டி அவன் காலில் பட்டதே இல்லை.

இன்று காலை பொரளையில் ஒரு தோல் வைத்தியரிடம் கொண்டு போனாள். வைத்தியர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் சின்னக் காலை மடியில் வைத்துப் பார்த்தார்.

“ஒண்டு, ரெண்டு மாதத்துக்கு முதல் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததோ? வாயில புண், உள்ளங்கையில, உள்ளங்காலில சிவப்புப் புள்ளி?”

சுபோதினியின் கணவன் சிவானந்தன்தான் முந்திக்கொண்டு, “ஓம் டொக்டர், வந்தது,” என்றான்.

“கை, கால், வாய் நோய் எண்டு சொல்லுறது. வைரஸ். அந்த நேரம் நகம் முளைக்கிற வேர் கொஞ்ச நாள் வேலையை நிப்பாட்டிப்போடும். பிறகு திரும்பத் தொடங்கும். புது நகம் கீழால வர, பழசு தள்ளுப்பட்டுக் கழண்டு விழும். அவ்வளவுதான். மருந்து தேவையில்லை. இழுத்துப் பிய்க்காதேங்கோ, கழண்டு நிக்கிறதைக் கத்தரிச்சு விடுங்கோ. கால் நகம் முழுசா வளரக் கனகாலம் எடுக்கும், பயப்பிட ஒண்டுமில்லை.”

“வேற பிள்ளையளுக்கும் விழுந்திருக்கு டொக்டர். நகவெட்டியால எண்டு கதைக்கினம்.”

“அப்பிடி எண்டால் நகத்தைச் சுத்திச் சிவந்து வீங்கியிருக்கும். இது உள்ளுக்கால நடக்கிற வேலை. அந்தப் பிள்ளையளுக்கும் காய்ச்சல் வந்திருக்கும், கேட்டுப் பாருங்கோ.”

திரும்பி வருகிற ஓட்டோவில் சிவானந்தன் கேட்டான்: “பின்னேரம் கூட்டத்தில என்ன சொல்லப்போறீர்?”

“டொக்டர் சொன்னதைச் சொல்லவேண்டியதுதானே.”

“சொல்லும். ஆனா ஜனாவின்ர பேரை இழுக்காதையும். இழுத்தால், எப்ப காய்ச்சல் வந்தது எண்டு கேப்பினம்.”

அதுதான் முள். ஜனாவுக்குப் புள்ளி போட்டது பாடசாலைக் கலைவிழாவுக்கு முதல் நாள் இரவு. அவன்தான் ஆட்டத்தில் சிங்கராசா. ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்த சிங்கராசா. தைத்த உடுப்புக் கட்டிலில் கிடந்தது. திருகோணமலையிலிருந்து மாமன் வந்திறங்கியிருந்தான். சூட்டுக்கொப்புளம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பனடோல் பாணி கொடுத்து, மறுநாள் கூட்டிப் போனாள். சிங்கத்துக்குக் கையுறை இருந்தது. புள்ளி ஒருவர் கண்ணிலும் படவில்லை. இத்தனைக்கும், சுகமில்லாத பிள்ளைகளை அனுப்பவேண்டாம் என்ற அறிவித்தலைச் சங்கத்தின் பெயரால் எழுதிக் கதவில் ஒட்டியவளே அவள்தான்.

கலைவிழாவோடு பாடசாலைக்கு விடுமுறை விட்டார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இல்லை என்று ஒருவரை ஒருவர் கேட்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

இப்போது மர்ஸூக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்க ரீச்சர், நான் சண்டைக்கு வரல்ல. ஒங்கள்ல எனக்கி ஒரு கொறையும் இல்ல. ஆனா எண்ட மகன் பேனையப் புடிக்கிறான் இல்ல. வெரல மடக்கி ஒளிச்சிட்டு ஈக்கிறான். மத்தப் புள்ளைகள் பேய்க்கை, பேய்க்கை எண்டு செல்ற. இதுக்கு ஆராவது பதில் செல்லணும்.”

“பேய்க்கைன்னு சொன்னது என் மகதான் மர்ஸூக் நானா,” என்றான் பிறெடி குதிரையில் இருந்தபடி. “மன்னிச்சுக்குங்க. அவளுக்கும் ஒன்னு விழுந்தப்பறம்தான் வாய மூடினா.”

றலியா சிரிக்கவில்லை. “ஒங்களுக்கு எல்லாம் பகிடி பிறெடி. ஆதிலாட நெகம் பால் கோப்பைக்குள்ள கெடந்த. எந்த ஊத்த எல்லாம் அந்த நகவெட்டில ஈந்திச்சோ.”

“ஊத்த இல்ல,” என்றாள் ஜெகதீஸ்வரி சுவரோரத்திலிருந்து. “ஒவ்வொரு புள்ளைக்கும் டெட்டோல் தண்ணியில கழுவித்தான் வெட்டுறேன். பதினொரு வருசமா அப்பிடித்தான் செய்றேன். ரீச்சருக்குத் தெரியும்.”

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நீ கவனமில்லாத ஆள் எண்டு நான் சொல்லேல்லை ஜெகதீஸ்வரி. ஆனால் நாளைக்குச் சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ வந்து நிண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? நடவடிக்கை எடுத்தனான் எண்டு காட்டவேணும். இல்லாட்டி பாடசாலையை மூடச் சொல்லுவினம். அதனால... திங்கட்கிழமையிலயிருந்து நீ கொஞ்ச நாளைக்கு நில். பிறகு பாப்பம்.”

“நில்லுன்னா, வரவேணாமுன்னா?”

ரீச்சர் கண்ணாடியைத் திரும்ப மூக்கில் ஏற்றிக்கொண்டார். பிறகு பார்ப்போம் என்பதன் பொருள் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளின் கையைப் பழுதாக்கினவள் என்று பெயர் வந்த பிறகு வெள்ளவத்தையில் எந்தப் பாலர் பாடசாலையும், எந்த வீடும் ஜெகதீஸ்வரியைச் சேர்க்காது. பெயர் ஏற்கெனவே பாதி வந்துவிட்டது. மர்ஸூக் மகனின் கையைப் படமெடுத்து, ‘ஆயாட நகவெட்டி செஞ்ச வேல’ என்று எழுதிப் பெற்றாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கொலன்னாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு இந்த ஒரு வேலைதான்.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போறேன். வெள்ளிக்கெழம நான் வெட்டாத புள்ளைக்கும் நகம் போயிருக்கு.”

அந்த நேரம் பார்த்துப் பாணந்துறை ரெயில் கடற்கரையோரமாகப் போனது. வெள்ளவத்தையில் ரெயில் போகும்போது யாரும் கதைப்பதில்லை, கதைத்தாலும் கேட்காது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும் வரைக்கும் எல்லாரும் ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபோதினி மட்டும் கோப்பில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“ஆரு அந்தப் புள்ள?” என்றார் மர்ஸூக்.

“அத அந்தப் புள்ளையோட அம்மா சொல்லட்டும். நேத்து சப்பாத்து மாத்தக்குள்ள நான் பாத்தேன். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குப் பொய் சொல்றேன்னு சொல்வீங்க.”

“இது நல்ல கத. பேர் இல்லாத சாட்சி.”

சுபோதினிக்குக் காது சுட்டது. எழுத்தில் எதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிற அவளுக்கு வாயால் சொல்வதென்றால் எப்போதும் கொஞ்சம் சிரமம். ஆனாலும் தொடங்கினாள்.

“நான் ஒரு விஷயம் கேக்கட்டே? றலியா, உங்களுக்கு இந்த வருசம் தொடக்கத்தில சிக்குன்குனியா வந்ததெல்லே. தலைமுடி எப்ப கொட்டத் தொடங்கினது?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சுபோ?”

“சொல்லுங்கோவன்.”

“காய்ச்சல் எல்லாம் நல்லாகி, ரெண்டு மூணு மாசம் போய். சீப்பில புடி புடியா வந்த. மொட்டையாப் போற எண்டுதான் நெனச்ச. இப்ப திரும்ப வாற, இஞ்ச முன்னுக்கு, கோழிக்குஞ்சு மாதிரி.” அவள் அறியாமலே கை முக்காட்டின் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது.

“பிறெடி, உங்கட மூக்கு?”

“அத ஏன் கேக்கிறீங்க ஜனாட அம்மா,” பிறெடி மூக்கைத் தடவினான். அதன் நுனியில் இன்னும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் இருந்தது. “காய்ச்சல் எறங்கி ஒரு கெழமைக்கப்பறம் கறுத்துப்போச்சு. பெரியவியாழன் அன்னிக்குக் கோயிலுக்குப் போறேன், கண்டவன் எல்லாம் கேக்கிறான், என்னடா பிறெடி, சட்டிக்குள்ள மூக்க வெச்சு மோந்தியான்னு. எங்க ரோட்டில ஆறு பேருக்கு அப்பிடி. கறுத்த மூக்குச் சங்கம்னு பேரே வெச்சுட்டானுங்க.”

“நான் தலைவரா ஈந்தீக்கணும்,” என்றார் மர்ஸூக் தன்னை மறந்து. “எனக்கி மூக்கும் கன்னமும். கடைக்கு வாற ஆக்கள் முஹத்தப் பாத்துப்போட்டுத்தான் வெல கேட்ட.”

“அதைத்தான் சொல்ல வந்தனான். காய்ச்சல் போய்விடும். அது உடம்புக்குள்ள செய்த வேலை பிறகுதான் வெளியில தெரியும். தோல் கறுக்கிறது, முடி கொட்டுறது, எல்லாம் பிறகு. பிள்ளையளுக்கு நகம் விழுறதும் அப்பிடி. கை, கால், வாய் நோய் வந்தால் நகம் கொஞ்ச நாளைக்கு வளராமல் நிண்டுபோகும். பிறகு கழண்டு விழும். இதை ஒரு தோல் டொக்டர் சொன்னவ. ஆகிலுக்கு, ஆதிலாவுக்கு, ஷெறினுக்கு கலைவிழாவுக்குப் பிறகு காய்ச்சல் வந்ததோ?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“வந்தது,” என்றான் பிறெடி மெல்ல. “கையில சிவப்பாப் போட்டிருந்துச்சு. அப்பறம் வெரல் நுனியில தோல் உரிஞ்சுது. வெயில்னு நெனச்சோம்.”

“ஆதிலாவுக்கும் வந்த,” என்றாள் றலியா. “வாயெல்லாம் புண். ரெண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம, ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தின. ஒவ்வொரு தரம் ஊசி குத்தக்குள்ளயும் அவ கத்தின சத்தம் இன்னும் எண்ட காதில ஈக்கி.”

சுபோதினிக்கு அது தெரியாது. சேலைன் ஏற்றின கதை அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மர்ஸூக் யோசித்தார். கடைக்காரர், ஒரு சாமானைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டார். “சரி, நீங்க செல்றது ஞாயம் மாதிரி ஈக்கி. ஆகிலுக்கும் அப்பிடித்தான் வந்த. ஆனா ஒண்டு செல்லுங்க செக்ரட்டரி மிஸ். காய்ச்சல் எண்டா எல்லாப் புள்ளைக்கும் வரும் தானே. அது வெள்ளிக்கெழம வெட்டுற புள்ள, வெட்டாத புள்ள எண்டு பாத்து வருமா? அந்தப் பக்கத்தில ஒரு புள்ளைக்குக்கூட நெகம் விழல்லயே. அப்ப டொக்டர் செல்றது ஒரு பக்கம், கண்ணால காணுறது ஒரு பக்கம்.”

சுபோதினி முற்றத்தில் தெரிந்த ஜனாவின் சப்பாத்தைப் பார்த்தாள்.

ரீச்சர் கையை நீட்டினார். “அதிகாரி வந்து பாத்துச் சொல்லட்டும். பிள்ளை, அந்தக் கடிதத்தைக் குடும், கையெழுத்தை வைப்பம். இப்பவே பொழுதுபடப்போகுது.”

கடிதம் கோப்பிலிருந்து போனது. மர்ஸூக் முழங்காலில் வைத்து ஒப்பமிட்டார். றலியா பாயில் குனிந்து ஒப்பமிட்டாள். பிறெடி ஒருமுறை ஜெகதீஸ்வரியைப் பார்த்து, “கோவிச்சுக்காத அக்கா,” என்று முணுமுணுத்துவிட்டு, குதிரையின் கழுத்தில் தாளை வைத்து ஒப்பமிட்டான். கடைசியில் செயலாளருக்கென்று அடித்து விட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாக, கடிதம் திரும்பி அவளிடம் வந்தது.

ஜெகதீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் சுபோதினிக்கு இலேசாக இருந்திருக்கும். கடனைத் தராத வீட்டு வாசலில் நிற்கிறவளைப் போல நின்றாள் அவள்.

சுபோதினி பேனையை மூடினாள். எழுந்து முற்றத்துக்குப் போய், “ஜனா, இஞ்ச வாங்கோ,” என்றாள்.

மணலோடு ஓடி வந்தவனைக் கூட்டத்தின் நடுவில், குட்டி மேசையின் மேல் தூக்கி இருத்தினாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றும்போது அவன், “அம்மா, ஒருத்தருக்கும் காட்டக்கூடாதெண்டு சொன்னீங்கள்?” என்று சத்தமாகக் கேட்டான்.

“இப்ப காட்டலாம்.”

ஒரு காலில் பெருவிரல் நகம் இல்லை. அந்த இடத்தில் மெல்லிய புதுத் தோல், அடியில் பிறை போல ஒரு புது நகத்தின் விளிம்பு. மற்றக் காலில் பழைய நகம் எழும்பி நின்றது.

“ஜெகதீஸ்வரி இவன்ரை நகத்தை ஒருநாளும் வெட்டினதில்லை. வெள்ளிக்கிழமை வெட்டவேண்டாம் எண்டு நான்தான் முதல் நாளே சொல்லி வைச்சனான். இவனுக்கும் அந்தக் காய்ச்சல்தான்.”

மர்ஸூக் கதிரையோடு முன்னால் நகர்ந்து வந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். “நோவுதா மகன்?”

“இல்லை அங்கிள். கூசுது.”

“அப்ப இவருக்கும்தான்.” மர்ஸூக் நிமிர்ந்தார். “எப்ப வந்த காய்ச்சல்?”

சிவானந்தன் சொன்ன கேள்வி சொன்னபடியே வந்து நின்றது.

“கலைவிழாவுக்கு முதல் நாள் இரவு புள்ளியைக் கண்டனான்.”

“முதல் நாளா, அடுத்த நாளா?”

“முதல் நாள்.”

இந்த முறை பேச்சை மறைக்க ரெயில் வரவில்லை. றலியாதான் பாயிலிருந்து எழுந்தாள்.

“ஆதிலா அவன்ட கையைப் புடிச்சிட்டுத்தான் ஆடின, சுபோ.”

“ஓம்.”

“சிங்கமும் மயிலும். நீங்கதான் ஒத்திகையில கையப் புடிச்சுக் குடுத்த.”

“ஓம் றலியா.”

“தெரிஞ்சிட்டா செஞ்சீங்க?”

“சூட்டுக்கொப்புளம் எண்டு நினைச்சனான்.” சொல்லிவிட்டு அவளே தலையாட்டினாள். “அப்பிடி நினைக்க விரும்பினனான். வருத்தம் எண்டு நினைச்சால் அவனை நிப்பாட்டவேணும். நிப்பாட்ட மனமில்லை.”

றலியா கைப்பையைத் தேடி எடுத்தாள். “என்னட்ட ஒரு வார்த்த செல்லியிருந்தா, மகள்ட வாயில புண் வந்த அண்டைக்கே டொக்டருக்குச் செல்லியிருப்பேன். மூணு நாள் என்னெண்டு தெரியாம அலைஞ்ச நாங்க.” வாசலில் நின்று, “ஆதிலா, வாங்க போக,” என்றாள். கைப்பிள்ளையைத் தூக்குவது போல மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் விடைபெறாமல் போய்விட்டாள். படலை சாத்துகிற சத்தம் கேட்டது. போன் நம்பர் கொடுத்த நாளிலிருந்து இந்த மூன்று வருடத்தில், ஒரு ‘வாறன் சுபோ’ இல்லாமல் அவள் போனது இதுதான் முதல் தடவை.

“போறவ போகட்டும்,” என்றான் பிறெடி. “கோவம் ஞாயமான கோவம்தான். ஜனாட அம்மா, ஒங்க மேல எனக்கும் கோவம்தான். ஆனா என்னா, நானும் கலைவிழா அன்னிக்கு ஷெறினுக்கு மூக்கு ஒழுக ஒழுகத்தான் முயல் வேஷம் போட்டுக் கூட்டியாந்தேன். எனக்குப் புள்ளி இல்லாததால தப்பிச்சேன்.”

ரீச்சரின் முகம் இறுகியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஒருமுறை பார்த்தார், பிறகு சுபோதினியைப் பார்த்தார். “நீர் எழுதினது அது,” என்று மட்டும் சொன்னார்.

மர்ஸூக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, கிழித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இனி இது சரிவராது. வேற எழுதுங்க செக்ரட்டரி மிஸ். அதே ஆளுக்குத்தான். வந்து எல்லாப் புள்ளைகளையும் பாக்கட்டும், தாய் தகப்பனுக்கு வெளங்கப்படுத்தட்டும். இனி ஒரு புள்ளைக்கு வந்தா எத்தின நாள் வீட்டில வெச்சிக்கிற, அதையும் அவங்களே செல்லட்டும். ஆனா பேரோட எழுதணும்.”

“எழுதுறன்.”

“முதல் பேர் ஒங்கட மகன்ட.”

“ஓம், அவன்ரைதான் முதல்.”

அடிக்க நேரமில்லை. கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்துக் கையாலேயே எழுதினாள். திகதி, முகவரி, விடயம். வாயால் சொல்லும்போது முட்டி மோதினதெல்லாம் தாளில் வரிசையாக வந்தது: எந்தப் பிள்ளைக்கு முதலில், யாருக்குப் பிறகு, என்ன குறி, எப்போது நகம் விழுந்தது, வைத்தியர் என்ன சொன்னார். ‘மேற்படி மாணவனின் தாயாராகிய நான்’ என்று ஓரிடத்தில் எழுத வேண்டி வந்தது. பேனை நிற்கவில்லை; ஆனால் அந்த வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடச் சிறுத்திருந்தது.

அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் ஜெகதீஸ்வரி அசையவில்லை. எழுதி முடிந்ததும் கையை நீட்டினாள்.

“நான் வாசிக்கணும்.”

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஜெகதீஸ்வரி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, முழுவதையும் வாசித்தாள். பிறெடி இரண்டு தடவை குதிரையை ஆட்டினான். கிரீச் என்ற சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்க்க, நிறுத்திக்கொண்டான்.

“இதுல நகவெட்டியப் பத்தி ஒன்னுமே இல்லையே.”

“வைரசாலதான் எண்டு எழுதியிருக்கிறன். வாசிக்கிறவைக்கு விளங்கும்.”

“வெளங்காது. நகவெட்டியால வந்ததில்லன்னு தனியா ஒரு வரி போடுங்க. என் பேரையும் போடுங்க. பழி சொல்லக்குள்ள பேரு போட்டீங்கதானே?”

சுபோதினி கடிதத்தை வாங்கி, கீழே இருந்த இடத்தில் அந்த வரியை எழுதினாள். ‘உதவியாளர் திருமதி ஜெகதீஸ்வரியின் நகவெட்டியினாலோ அவரது கவனக்குறைவினாலோ இது ஏற்படவில்லை.’ இருந்தவர்கள் எல்லாரும் ஒப்பமிட்டார்கள். இந்த முறை செயலாளரின் இடம் முதலில் நிரம்பியது.

“வட்ஸ்அப்ல போட்டதையும் எடுங்க,” என்றாள் ஜெகதீஸ்வரி மர்ஸூக்கைப் பார்த்து.

“அது அண்டைக்கே எல்லாரும் பாத்திட்ட. இனி எடுத்து என்ன?”

“எடுத்துட்டு, இப்ப சொன்னதப் போடுங்க. அதையும் எல்லாரும் பாக்கட்டும்.”

மர்ஸூக் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு போனை எடுத்தார். படத்தை அழித்தார். பிறகு போனை வாயருகில் பிடித்து, “அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், நான் ஆகில்ட வாப்பா,” என்று தொடங்கி, நெடுநேரம் கதைத்து, ‘ஜெகதீஸ்வரில ஒரு பிழையும் இல்ல’ என்று முடித்தார். ஜனாவின் பெயரைச் சொல்லவில்லை. ‘ஒரு புள்ள’ என்றார். சுபோதினி அதைக் கவனித்தாள். நன்றி சொல்வதா, பேரையும் நீங்களே சொல்லியிருக்கலாம் என்பதா என்று தெரியாமல் கைப்பைக்குள் உறையைத் தேடினாள். குழுவில் எப்படியும் றலியா இருக்கிறாள். விடிவதற்குள் அந்த ஒரு பிள்ளை யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

“அப்ப திங்கட்கிழமை வாறாய்தானே?” என்று கேட்டார் ரீச்சர். குரலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

“வர்றேன். கை கழுவி விடுவேன், சாப்பாடு குடுப்பேன், எல்லாம் செய்வேன். நகம் மட்டும் இனிமே வெட்டமாட்டேன். எவ வீட்டுப் புள்ளைன்னாலும் சரி. அவங்கவங்க வீட்டுலயே வெட்டிக்கிட்டு வரட்டும்.”

“அது முறைதான்,” என்றார் ரீச்சர்.

“நானும் அதையே சொல்ல வந்தேன்,” என்றான் பிறெடி. ஒருவரும் நம்பவில்லை.

ஜனா ஒரு சப்பாத்தைத் தானே மாட்டிக்கொண்டு, மேசையில் இருந்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மற்றச் சப்பாத்தைக் கொண்டு வந்து மாட்டியது ஜெகதீஸ்வரிதான், பழக்க தோஷம். மாட்டும்போது எழும்பி நின்ற நகம் காலுறையில் சிக்காமல் விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டாள். சுபோதினியின் பக்கம் திரும்பவில்லை. சுபோதினி, “ஜெகதீஸ்வரி...” என்று தொடங்கினாள்.

“நேத்து மத்தியானம் வாசல்ல வெச்சு ஒங்கள நான் பாத்தேன்,” என்றாள் அவள், வார் ஒட்டிக்கொண்டே. “வாயத் தொறந்து சொல்லியிருப்பேன். சரி, வீட்டுல போய்ப் பாக்கட்டும், வந்து அவங்களே சொல்லுவாங்கன்னு விட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடியுற வரைக்கும் நீங்க சொல்லல.”

“ஓம்.”

“அவ்வளவுதான். வேற ஒன்னுமில்ல.”

சுபோதினி கடிதத்தை மூன்றாக மடித்து நீள உறைக்குள் வைத்தாள். முகவரியை எழுதினாள். உறையின் பசை காய்ந்து போயிருந்தது. பிள்ளைகளின் ஒட்டுவேலைப் பெட்டியிலிருந்து பசைப் போத்தலை எடுத்து, விளிம்பெல்லாம் தடவி, அடிமட்டத்தால் அழுத்தித் தேய்த்தாள். கைப்பையில் இருந்த முத்திரையை ஒட்டினாள். ஒரு மூலை எழும்பி நின்றது. பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

“குடுங்க,” என்றார் மர்ஸூக். “நான் போற வழியில போடுறன்.”

“வேணாம்,” என்றாள் ஜெகதீஸ்வரி. “என் பேரு இருக்கிற கடிதம். நானே போடுறேன். பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்துலதான் பெட்டி.”

சுபோதினி உறையை அவளிடம் கொடுத்தாள். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒட்டின இடத்தை நகத்தால் ஒருதரம் சோதித்து, பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, காலி வீதிப் பக்கம் நடந்தாள்.